ஓடிபி வராத கைப்பேசி

சென்ற வாரம், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவோடும் அவருடைய தாயாரோடும் ஓர் இணையச் சேவை மையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆதாரில் பதிவாகியிருந்த எண்ணுக்கு ஓடிபி போனது. அந்த எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. எண்ணை மாற்ற விரல்ரேகை வேண்டும் என்றார்கள். நாற்பது ஆண்டுகள் பல வீடுகளில் பாத்திரம் தேய்த்த அந்த அம்மாவின் விரல்களை இயந்திரம் நான்கு முறையும் ஏற்கவில்லை.

இணையமும் கருவியும் எட்டியவர்களுக்கும் எட்டாதவர்களுக்கும் நடுவே உள்ள டிஜிட்டல் இடைவெளி பற்றித் தேசிய அரசியலில் பேச்சு எழும்போதெல்லாம், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இணையக் கம்பியைப் பற்றியும் கைப்பேசிக் கோபுரத்தைப் பற்றியுமே பேசுகின்றன. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் இரண்டரை லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கத் தொடங்கப்பட்டது. அது தேவையான வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சென்னையில் கம்பிக்குப் பஞ்சமில்லை. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் இது. அந்தமானுக்குச் செல்லும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளும் 2020-இல் இங்கிருந்துதான் இயங்கத் தொடங்கியது. டைடல் பார்க் முதல் சிறுசேரி வரை கணினி நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித்தான், நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. அங்கே சிக்னல் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியை மகன் காலையில் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், தாய்க்கு வரும் ஓடிபி அவன் சட்டைப்பையில்தான் ஒலிக்கும்.

அரசு தன் வாசல்களில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றைச் சாத்தும்போதுதான் இந்த இடைவெளி உரிமை மறுப்பாக மாறுகிறது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமப்புற வீடுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் மட்டுமே இணைய வசதி இருந்த நாடு இது. உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. நேரில் வருவோருக்கும் ஊசி போட வழி திறந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம், டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. ஒவ்வொரு முறையும் நீதிமன்றம் சொல்லித்தான் இது நடக்க வேண்டுமா?

நம் மாநிலத்திலேயே வேறொரு முறையைப் பார்த்திருக்கிறோம். 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பமும் டோக்கனும் ரேஷன் கடைப் பணியாளர்கள் வழியாக வீட்டுக்கே வந்தன. முகாமில் தன்னார்வலர்கள் பதிவேற்றினார்கள். குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் கருவியை இயக்கும் சுமை, விண்ணப்பித்த பெண்ணின் மேல் அல்லாமல் அரசின் தோளில் இருந்தது. நான் முழு மனத்தோடு ஆதரிப்பது இதைத்தான்.

எனவே, இணையத்துக்கு மாற்றப்படும் ஒவ்வோர் அரசுச் சேவைக்கும் காகிதத்தில் விண்ணப்பம் பெற்று, ஒப்புகைச் சீட்டு தரும் ஒரு கவுன்டர் இருந்தாக வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அதற்குப் பணமில்லை என்று சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வசூலிக்கும் தொகையில் உருவான உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி, 2023 சட்டத்தால் டிஜிட்டல் பாரத் நிதி ஆகியிருக்கிறது. அந்தமான் கேபிளுக்குப் பணம் தந்ததும் அதே நிதிதான். கேபிளுக்குத் தந்த நிதி, கவுன்டரில் அமரும் ஒரு மனிதரின் சம்பளத்துக்கும் தரலாம். சட்டம் இடம் தராவிட்டால் திருத்துவதற்குத்தானே நாடாளுமன்றம் இருக்கிறது.

என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஓடிபி வராமலும் விரல்ரேகை பொருந்தாமலும் பாதியில் நின்றுபோகும் விண்ணப்பங்கள் ஆண்டுக்கு எத்தனை என்று அவையில் கேளுங்கள் என்பதே அதன் சாரம். அந்த அம்மாவின் விண்ணப்பமும் அந்தக் கணக்கில் இருக்கும்.