பழைய கிட்டார் வாங்கும்போது வருஷத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்

பழைய கிட்டார் ஒன்று விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த வருஷத்து மாடல்?" முதலில் கேட்க வேண்டியது, "நெக் எப்படி இருக்கிறது?" நெக் என்பது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி. வருஷம் சேகரிப்பாளருக்குத் தேவை. வாசிப்பதற்காக வாங்குகிறவர் வருஷத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வருஷத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் விற்பவர் சொல்லும் கதைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்போம்.

சீரியல் எண்ணை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். கிப்சன், மார்ட்டின், ஃபெண்டர் மூன்றும் பெயர்பெற்ற அமெரிக்க கிட்டார் நிறுவனங்கள். 1977 முதல் 2005 வாக்கு வரை வந்த கிப்சன்களில் பெரும்பாலும் எட்டு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருஷம். நடுவில் இருக்கும் மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82365512 என்றால் 1985-இன் 236-ஆவது நாள், அதாவது ஆகஸ்ட் 24. இது சுலபம். 1960-களின் கிப்சன் எண்கள்தான் ஆளைக் குழப்பும். ஒரே எண்ணை வெவ்வேறு வருஷங்களில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அங்கே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு உதிரி பாகங்களைத்தான் பார்க்க வேண்டும். மார்ட்டினில் இந்தத் தொல்லை இல்லை. 1898-இல் 8000-இல் தொடங்கிய வரிசை அப்படியே நீள்கிறது. சவுண்ட் ஹோல் (உடலின் நடுவில் உள்ள வட்டத் துளை) வழியாக உள்ளே நெக் பிளாக்கை, அதாவது நெக் பொருந்தும் மரக்கட்டையைப் பார்த்தால் எண் தெரியும், பெரும்பாலானவற்றில் மாடல் பெயரும் இருக்கும். ஃபெண்டரில் 1976 வாக்கில்தான் எண் ஹெட்ஸ்டாக்குக்கு (நெக்கின் நுனியில் கம்பி முறுக்கும் தலைப்பகுதி) வந்தது. அதற்கு முன் உள்ளவற்றில் எண் பெரும்பாலும் நெக் பிளேட்டில், அதாவது நெக்கை உடலோடு இணைக்கும் தகட்டில் இருக்கும். சில திருகுகளைக் கழற்றினால் அந்தத் தகடு எந்த கிட்டாருக்கு வேண்டுமானாலும் போய்விடும்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் பிக்கார்டையோ (கம்பிகளுக்கு அடியில் உடலை மூடும் தகடு) பின்மூடியையோ திறந்து பொட்டென்ஷியோமீட்டரைப் (ஒலி அளவு, டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகம், சுருக்கமாக பாட்) பாருங்கள். அதன் முதுகில் அச்சடித்த எண் இருக்கும். 1376633 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். என்ற நிறுவனத்தின் தயாரிப்பு, 66 வருஷம், 33 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். இந்தத் தேதிக்கு முன்னால் அந்த கிட்டார் இப்போதிருக்கும் வடிவில் முடிந்திருக்க முடியாது; அதற்கு மேல் இந்த எண் எதையும் நிரூபிக்காது. ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்கள் அடுத்த சில வருஷத்து கிட்டார்களிலும் வருகின்றன. அடுத்து சால்டரைக் (ஒயர்களை இணைக்கும் ஈயப் பற்று) கவனியுங்கள். பழைய இணைப்பு மங்கலாக, தூசி படிந்து இருக்கும். ஒரே ஒரு இணைப்பு மட்டும் பளபளத்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். பாட்டையோ, கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பையோ மாற்றியிருக்கலாம்.

கிப்சனின் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் மாடலான லெஸ் பாலுக்குப் போலிகள் ஏராளம். ஹெட்ஸ்டாக்கில் டிரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பி) மூடியைப் பாருங்கள். கிப்சன் மூடிக்கு இரண்டு திருகுதான்; போலிகளில் பெரும்பாலும் மூன்று. மூடியைக் கழற்றினால் கிப்சனில் வழக்கமாக இருப்பது, வெளியிலிருந்து சாக்கெட் போட்டுத் திருப்பும் பித்தளை நட். ஆலன் கீ நுழையும் குழி தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இதைத் திறந்து காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

விலையைத் தீர்மானிப்பது அசல்தன்மை. திரும்ப வண்ணம் பூசிய பழைய கிட்டார், அதே மாடலின் அசல் பூச்சு உள்ளதைவிட ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும். ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியதும் அப்படியே. கிப்சனில் இந்த உடைவு ஏன் இவ்வளவு சகஜம் என்றால், மஹோகனி நெக், பின்னோக்கிச் சாயும் 17 டிகிரி ஹெட்ஸ்டாக், அதிலும் மரம் மிக மெலிந்த இடத்திலேயே டிரஸ் ராட் நட்டுக்காகக் குடைந்த பள்ளம். ஸ்டாண்டிலிருந்து பின்னால் சாய்ந்து விழுந்தாலே போதும். நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கும் நட் என்றுதான் பெயர்; அதற்குப் பின்னால் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, மரத்தின் ரேகைக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். நன்றாக ஒட்டிய உடைவு வாசிப்பை எந்த வகையிலும் கெடுக்காது. அதனால்தான் சொல்கிறேன், சேகரிப்பாளர் ஒதுக்கும் கிட்டார்தான் வாசிப்பவருக்கு லாபம். உடைந்து ஒட்டியது, வண்ணம் மாற்றியது, கம்பி முறுக்கும் டியூனர் மாற்றியது எல்லாம் தயங்காமல் வாங்கலாம், விலை அதற்கேற்றபடி இறங்கியிருந்தால்.

தயங்க வேண்டியது நெக் கோணத்தில்தான். அக்கூஸ்டிக் என்றால் நேரான அளவுகோல் ஒன்றை ஃபிரெட்டுகளின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் வைத்து பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் கட்டிய மரத்துண்டு) வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டோ சற்று மேலேயோ நின்றால் சரி. விளிம்புக்குக் கீழே போய் முட்டினால் கம்பி இழுத்து இழுத்து நெக் முன்னால் வந்துவிட்டது. கூடவே பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலையும் பாருங்கள். 12-ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி (மிகத் தடித்தது) ஃபிரெட்டுக்கு மேல் 2.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் வசதி. அது 4 மி.மீ. நின்று, சேடிலும் பிரிட்ஜுக்கு மேல் 2 மி.மீ.கூட எட்டிப்பார்க்கவில்லை என்றால், இனி இறக்க இடமே இல்லை. 12-ஆவது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைக்க சேடிலில் 2 மி.மீ. அரைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மிச்சம் உள்ள ஒரே வழி நெக்கைக் கழற்றி கோணம் மாற்றி மறுபடி பொருத்துவது. மலிவான கிட்டாருக்கு அந்தச் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டும்.

நெக் வளைவு வேறு விஷயம், இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்தினால், ஏழாவது ஃபிரெட் பக்கம் 0.25 மி.மீ. அளவில் இடைவெளி வேண்டும். அதிகமோ குறைவோ இருந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம். ராட் ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டு, அப்படியும் வளைவு போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எந்த மாடல் என்ற கேள்விக்கு பிராண்டைவிட இரண்டு அளவுகள் நன்றாகப் பதில் சொல்லும். ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம், ஃபெண்டரில் பெரும்பாலும் 648 மி.மீ., கிப்சனில் 628 மி.மீ. பக்கம். ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் நீளம் குறைந்ததில் இழுவிசை 6 சதவீதம் அளவுக்குக் குறையும். பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) அதிகம் செய்கிற விரல்களுக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரியும். நட் அகலம் இன்னொன்று. 43 மி.மீ. கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்கச் சௌகரியம். விரல்களால் மீட்டி வாசிப்பவருக்கு 44.5 நல்லது, நைலான் கம்பி கிளாசிக்கலில் 52. சின்னக் கைக்குச் சின்ன நட்தான் வேண்டும் என்று கடையில் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். விரல் தடிமனானவர் குறுகிய நட்டில் அடுத்த கம்பியைத் தொட்டுத் தொட்டு ஓசையை அடைத்துக்கொண்டே இருப்பார்.

கடைசியாக, 12-ஆவது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் சுதி காட்டும் எலெக்ட்ரானிக் டியூனரில் ஒப்பிடுவதற்கு முன் புதுக் கம்பி மாட்டச் சொல்லுங்கள். துருவேறிய, ஃபிரெட் பட்டுப் பள்ளம் விழுந்த கம்பியில் நல்ல கிட்டாரும் சுதி விலகித்தான் ஒலிக்கும். புதுக் கம்பியிலும் விலகினால் அப்போது சேடிலின் இடத்தைச் சந்தேகப்படலாம்.