அசனத்துக்கு முந்தின ராத்திரி

தென்கோடித் தேரிக்காட்டில் ஒரு ஊர். கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் ஓலைப் பந்தல், எட்டு அடுப்பு, எட்டு கிடாரம். மணி அதிகாலை மூணு. பந்தக்காலில் மைக்கைக் கட்டிவிட்டு சவுண்டு சர்வீஸ் பையன் தூங்கப் போய்விட்டான். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெங்காயக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தவசிப்பிள்ளை. சுடலைமாடன் கோயில் கொடைக்கும் இவர்தான் சமையல், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசன விருந்துக்கும் இவர்தான். வாத்தியாரிடம் அஞ்சாப்பு படித்தவர்.

தவசிப்பிள்ளை: சார்வாள், ஒரு மணி நேரமா அந்த ஒரே வெங்காயத்த உரிச்சுக்கிட்டு இருக்கீங்க.

வாத்தியார்: கண்ணு கலங்குதுடே.

தவசிப்பிள்ளை: வெங்காயம்லா, அப்படித்தான் இருக்கும்.

வாத்தியார்: வெங்காயம் இல்லடே. பிரியாணி.

தவசிப்பிள்ளை: பிரியாணியா? அத எங்க போட்டிருக்கோம்?

வாத்தியார்: அடுத்த வருசம் போடணுமாம். வெள்ளச் சோறும் கறிக்கொழம்பும் பழசாம். வாலிபர் சங்கத்துல மனு எழுதி, நாப்பத்திரெண்டு கையெழுத்து வாங்கிருக்கானுவ. மூணாவது கையெழுத்து என் பேரன்.

தவசிப்பிள்ளை: அவன் பெங்களூர்லல்லா இருக்கான்?

வாத்தியார்: வாட்ஸப்புல ஒப்பம் போட்டிருக்கான். ஆராதனைய போன்ல பாப்பான், காணிக்கைய ஜிபேல போடுவான், சோறு மட்டும் நேர்ல வந்து திங்கணும். அதுவும் பிரியாணி. நீ எந்தப் பக்கம்டே?

தவசிப்பிள்ளை: நான் அடுப்புப் பக்கம்.

வாத்தியார்: அதான் இந்தத் தடவ நின்னுட்டேன்.

தவசிப்பிள்ளை: உக்காந்துதானே இருக்கீங்க?

வாத்தியார்: கோயில் நிர்வாகம் பாக்குத சேகரக் கமிட்டி எலெக்‌ஷன்லடே.

தவசிப்பிள்ளை: போன ஞாயித்துக்கிழமதான் கோயிலுக்குள்ள அரசியல் வரப்படாதுன்னு முக்கா மணி நேரம் பேசுனீங்களாமே. ஊரே சொல்லுது.

வாத்தியார்: அது வேற. நான் நிக்கது ஊழியம்.

தவசிப்பிள்ளை: அப்போ எதிரணி?

வாத்தியார்: அது அரசியல்.

தவசிப்பிள்ளை: எதிரணி அண்ணாச்சி மூணு ஆடு குடுத்திருக்காவ.

வாத்தியார்: நான் எழுவது தேங்கா குடுத்தேன்.

தவசிப்பிள்ளை: அறுவத்தெட்டு. ரெண்டு அழுகல்.

(வாத்தியார் இப்போதுதான் இரண்டாவது வெங்காயத்தை எடுக்கிறார்.)

வாத்தியார்: எப்பேர்ப்பட்ட சபைடே நம்ம சபை! 1947, செப்டம்பர் 27. சுதந்திரம் வாங்கி நாப்பத்துமூணே நாள். மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், அத்தன பேரும் சண்டையில்லாம ஒண்ணாச் சேந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆனோம். உலகமே நம்மளப் பாத்துது.

தவசிப்பிள்ளை: நாலும் ஒண்ணாச்சு. நம்ம ஊர்ல அந்த ஒண்ணு இப்ப எத்தனையாச்சு?

வாத்தியார்: ரெண்டு அணிதான்... வாலிபர் சங்கத்தோட மூணு. தெக்குத் தெருவுல கூரை போட்டுப் பிரிஞ்சு போன அல்லேலூயாக்காரங்களயும் சேத்தா நாலு.

தவசிப்பிள்ளை: கணக்கு நேராயிட்டு.

(எழுந்து மைக்கைப் பிடிக்கிறார்.)

தவசிப்பிள்ளை: ஏ, தண்ணிக் கொடம் எடுத்த பொடியன்மாரெல்லாம் எங்கடே? வெரசா வாங்க! ரெண்டு மாசமா கோயில் கெணத்து மோட்டார் ஓடல, உங்க காலாவது ஓடட்டும்!

வாத்தியார்: மோட்டாரப் பத்தி மைக்குல எதுக்கு? போன கமிட்டில நானும்லா இருந்தேன்.

தவசிப்பிள்ளை: எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.

வாத்தியார்: மோட்டாரா முக்கியம்? பண்பாடே போவுது. கோயில்ல கீர்த்தனை பாடி எத்தன நாளாச்சு! கீர்த்தனை எழுதுன வேதநாயகம் சாஸ்திரியார் யாரு? தஞ்சாவூர் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர்கிட்ட சரபோஜி மன்னரோட ஒண்ணா வளந்தவரு. ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி. இப்ப கீபோர்டுப் பையன் ஒரு பட்டன அமுக்குதான், ட்ரம்சு தன்னால அடிக்கி. அவன் ஒக்காந்து போன் பாக்கான்.

தவசிப்பிள்ளை: அந்தக் கீர்த்தனையவே வெள்ளக்கார ஐயருமார் சில பேரு கோயில்ல பாடவிடாம மொகத்தச் சுளிச்சாங்கன்னு நீங்கதான சார்வாள் வகுப்புல சொன்னீங்க?

வாத்தியார்: அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்க. ஏழாம் வாய்ப்பாடு மட்டும் கடைசி வரைக்கும் ஒனக்கு வரல.

தவசிப்பிள்ளை: ஒரு சந்தேகம். நீங்க சொல்லுத பழங்காலம் எல்லாம் நீங்க அரை டவுசர் போட்ட காலமாவே இருக்கே. அதுக்கு முந்துனது?

வாத்தியார்: அது ஹிஸ்டரி.

தவசிப்பிள்ளை: பிந்துனது?

வாத்தியார்: அது சீரழிவு. எதிரணி ஆளப் பாரு. கரைவேட்டி கட்டிக்கிட்டு நற்கருணைக்கு வந்து முட்டி போடுதான். திராவிடக் கட்சிக் கரை! சாமி இல்லன்ன பெரியார்கிட்டருந்து வந்த கட்சி.

தவசிப்பிள்ளை: திராவிடம்ங்கற பேர ஊரு ஒலகத்துக்கெல்லாம் பரப்புனதே நம்ம இடையன்குடி கால்டுவெல் ஐயருதானாமே.

வாத்தியார்: (பெருமையாக) 1856. ஒப்பிலக்கணம். இந்த வெயில்ல, இந்த மண்ணுல ஒக்காந்து... (சட்டென்று) ஆனா அவரு பாஷைக்குல்லா சொன்னாரு. கட்சிக்கா சொன்னாரு?

தவசிப்பிள்ளை: மெட்ராசுக்குப் போனப்போ பீச்சுல அவரு சிலையப் பாத்தேன். 1968-ல வச்சதாமே. அப்ப யாரு ஆட்சி சார்வாள்?

வாத்தியார்: ...வெங்காயம் போதுமாடே?

தவசிப்பிள்ளை: யாரு ஆட்சி?

வாத்தியார்: அண்ணா. அவரு ‘ஒருவனே தேவன்’னுட்டாரு, அவர விடு. நமக்குன்னு அரசியல்ல யாருடே இருக்கா? 2007-ல கலைஞர் ஆட்சியில கிறிஸ்தவங்களுக்குத் தனியா மூணர சதவீத ஒதுக்கீடு குடுத்தாங்க. அதயும் மறு வருசமே வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டோம்.

தவசிப்பிள்ளை: கைக்கு வந்தத எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?

வாத்தியார்: கணக்குப் போட்டுப் பாத்தா, பிற்பட்டோர் பொதுவுல இருந்தப்பவே நம்ம புள்ளைகளுக்குக் கூடக் கெடச்சிருக்கு.

தவசிப்பிள்ளை: தனிப் பந்தி கேட்டு வாங்கிட்டு, பொதுப் பந்தியிலதான் கறி கூடன்னு எலையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தீங்க.

வாத்தியார்: அசிங்கமாச் சொல்லுத. ஆனா அதான்.

தவசிப்பிள்ளை: கீழத்தெருவுல என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். ஞானஸ்நானம் எடுத்தான். பேரு மாறிச்சு, சர்டிபிகேட்டு மாறிச்சு. தெரு மட்டும் மாறல.

வாத்தியார்: அது 1950-ல போட்ட ஜனாதிபதி உத்தரவுடே. இந்துவா இருந்தாத்தான் எஸ்.சி. பெறவு 1956-ல சீக்கியரச் சேத்தான், 1990-ல பௌத்தரச் சேத்தான். நம்ம முறை வரும்போது மட்டும் பேனாவுல மை தீந்து போவுது. சாதி இல்லன்னு சொல்லுத மதத்துக்குப் போனவனுக்குச் சாதி எதுக்குங்கான்.

தவசிப்பிள்ளை: நீங்களும் மைக்குல அதத்தான சொல்லுதீங்க. ஆனா நேத்து திண்ணையில ஒக்காந்து உங்களுக்கு விழுத ஓட்ட எண்ணுனப்போ தெருவாரியாத்தான எண்ணுனீங்க? மேலத்தெரு நூத்திப்பத்து, நடுத்தெரு எம்பது...

வாத்தியார்: நீ எங்கடே நின்ன?

தவசிப்பிள்ளை: வாசல்ல. அட்வான்சு வாங்க வந்தேன். கீழத்தெருவ எண்ணவே இல்ல.

(வாத்தியார் பதில் சொல்லவில்லை. மளமளவென்று நாலு வெங்காயம் உரிக்கிறார். இந்த ராத்திரியில் அவர் செய்த உருப்படியான வேலை அதுதான்.)

வாத்தியார்: அசனத்துல எல்லாத் தெருவும் ஒரே பாயிலதான ஒக்காருது. சின்னப்புள்ளையில எங்க ஆச்சி ஓலைப்பெட்டியோட கூட்டிக்கிட்டு வருவா. யாரு வீட்டு ஆளுன்னு பாக்காம அள்ளி வைப்பாங்க. வீட்டுல உள்ள நோயாளிக்குன்னு பெட்டியில ஒரு பங்கு போடுவாங்க. கொழம்பு ஓலை இடுக்குல எறங்கி, போற வழியெல்லாம் சொட்டும். அத மோந்துக்கிட்டே நாய் பின்னால வரும். பிரியாணி சொட்டுமாடே? அதுக்குத்தான் சொல்லுதேன்.

தவசிப்பிள்ளை: அதயே எலெக்‌ஷன்ல சொல்லுங்களேன் சார்வாள். நல்லாருக்கு.

வாத்தியார்: நோட்டீசுல போட எடம் பத்தல.

(தவசிப்பிள்ளை கிடாரத்தில் அகப்பையை விட்டு ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார்.)

தவசிப்பிள்ளை: பதம் வந்துட்டு. ஜெபம் பண்ணாம முதல் கிடாரம் வடிக்கப்படாது. ஐயர எங்க?

வாத்தியார்: அவருக்கு நாலு கோயில். அடுத்த ஊர்லயும் இன்னைக்கு அசனம். வர அஞ்சாவும்.

தவசிப்பிள்ளை: அஞ்சுக்குக் கஞ்சிதான் இருக்கும். நீங்க பண்ணுங்க. சின்னதா. அரசியல் வேண்டாம்.

வாத்தியார்: நானா, அரசியலா! (எழுந்து, துண்டை அவிழ்த்து, கண்ணை மூடுகிறார்.) அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரம பிதாவே, இந்த அதிகாலை வேளைக்காக ஸ்தோத்திரம். எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்கிறோம்...

தவசிப்பிள்ளை: (மெதுவாக) மோட்டார் இங்க ஓடல, எருசலேமுக்குப் போயிட்டாரு.

வாத்தியார்: ...டெல்லியை ஆளுகிறவர்களுக்கு ஞானத்தைத் தாரும். சென்னையை ஆளுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாரும். எங்கள் சேகரத்தை நினைத்தருளும். ஆடுகளைக் காட்டி ஆத்துமாக்களை வாங்க நினைக்கிறவர்களை நீர் அறிவீர்...

தவசிப்பிள்ளை: சார்வாள், கொழையுது.

வாத்தியார்: ...வருகிற ஞாயிற்றுக்கிழமை, வரிசை எண் நாலில் நிற்கிற உமது அடியானை உயர்த்தும். கீழத்தெருவையும் நீர் மறவாதேயும், நான் மறந்தாலும்...

தவசிப்பிள்ளை: ஆமென்! ஏ, பிடிங்கடே, சாய்ங்க!

வாத்தியார்: (கண்ணைத் திறந்து) நான் முடிக்கலயேடே!

தவசிப்பிள்ளை: சோறு முடிச்சிட்டு.

வாத்தியார்: இருந்தாலும் இன்னைக்கு ஜெபத்துல ஒரு வல்லமை இருந்துது பாத்தியா? நான் பேசுதது வானத்துலருந்து திரும்ப எனக்கே கேட்டுது. ஒடம்பெல்லாம் சிலுத்துட்டு. கர்த்தருக்குக் கேட்டிருக்கும்லா?

தவசிப்பிள்ளை: அது எனக்குத் தெரியாது சார்வாள். தண்ணிக்குக் கூப்புட்ட மைக்க நான் அமத்தல. மேலத்தெருவுல, எதிரணி அண்ணாச்சி வீட்டுல இப்பதான் லைட்டு எரியுது.