கோர்டெஸ் எரிக்காத கப்பல்கள்

போன வாரம் அலுவலகத்தில் எங்களை ஒரு நாள் முழுக்க ஹாலில் உட்கார வைத்து ஊக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேருக்குக் கண் சொருகும் நேரம். பயிற்சியாளர் திடீரென்று குரலை உயர்த்தினார். "கோர்டெஸ் மெக்சிகோவில் இறங்கியதும் முதலில் என்ன செய்தான் தெரியுமா? வந்த கப்பல்களை எல்லாம் எரித்தான்! திரும்பிப் போக வழியே கிடையாது. ஜெயி, இல்லையா, செத்துப் போ!" ஒரே கைதட்டல். நானும் தட்டினேன், பக்கத்து நாற்காலியில் மேனேஜர்.

அங்கே எழுந்து சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். கோர்டெஸ், மெக்சிகோவைப் பிடிக்க வந்த ஸ்பானியப் படைத்தலைவர்.

கப்பலை யாரும் எரிக்கவில்லை. 1519இல் அவற்றைக் கரைதட்ட வைத்து உடைத்தார்கள். பாய், கயிறு, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். காரணம் வீரமும் இல்லை. கியூபா ஆளுநர் வெலாஸ்கெஸ் பயணத்தை ரத்து செய்த பிறகும் கிளம்பி வந்தவர் கோர்டெஸ். கூட வந்தவர்களிலேயே ஆளுநரின் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் யாராவது ஒரு கப்பலைக் கிளப்பிக்கொண்டு கியூபாவுக்குப் போய்ப் போட்டுக்கொடுத்தால் கதை முடிந்தது. அதே சமயம் தங்கமும் கடிதமுமாக ஒரு கப்பல் நேராக ஸ்பெயின் மன்னருக்குப் போனது. உள்ளூர் மேலதிகாரியைத் தாண்டி மேலிடத்தைக் கவனிக்கும் வேலை. பயிற்சியாளர் இதைச் சொல்லியிருந்தால் எங்கள் ஆபீசில் நிறைய பேருக்கு உபயோகப்பட்டிருக்கும்.

திரும்பிப் பார்க்காத வீரர் என்பதும் சும்மா. 1519 நவம்பர் 8 அன்று ஏரி நடுவே இருந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானுக்குள் விருந்தாளியாக நுழைந்தார்கள். வீட்டுக்காரரான மன்னர் மொக்டெசுமாவையே சில நாளில் சிறைப்பிடித்தார்கள். அடுத்த ஆண்டு, தன்னைக் கைது செய்ய கியூபாவிலிருந்து வந்த படையைச் சமாளிக்க கோர்டெஸ் கடற்கரைக்குப் போன நேரத்தில், அவருடைய தளபதி அல்வராதோ கோயில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை வெட்டிச் சாய்த்தார். ஊர் பொங்கி எழுந்தது. 1520 ஜூன் 30 இரவு ஏரியைக் கடக்கும் கல்பாதை வழியாக ஸ்பானியர்கள் தப்பி ஓடினார்கள். பாதை துண்டிக்கப்பட்ட இடங்களில் மடிநிறையத் தங்கம் கட்டியிருந்தவர்கள் அந்தக் கனத்தோடு தண்ணீரில் மூழ்கினார்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள்.

மிச்சம் பேர் ஓடி எங்கே போனார்கள்? ட்லாஸ்கலாவுக்கு. என்னைக் கேட்டால் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாம் அஸ்டெக் என்று சொல்கிறவர்கள் தங்களை மெக்சிகா என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க அவர்களுக்குக் கப்பம் கட்டியது. கட்ட மறுத்த ஊர் ட்லாஸ்கலா. அதற்கு அவர்கள் கொடுத்த விலை உப்பு. நாலு பக்கமும் மெக்சிகாவின் பிடியில் இருந்ததால் அவர்களுக்கு உப்பும் வரவில்லை, பருத்தியும் வரவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்த நாம், ஒரு ஊரே வருஷக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அவர்களும் ஸ்பானியர்களைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் சண்டை போட்டார்கள். அப்புறம்தான் கூட்டு.

அடுத்த ஆண்டு டெனோச்டிட்லானை முற்றுகையிட ஏரியில் ஓடும் கப்பல்கள் தேவைப்பட்டன. பழைய கப்பல்களிலிருந்து கழற்றி வைத்த கயிறும் பாயும் இரும்பும் இப்போது வேலைக்கு வந்தன. தச்சர் மார்ட்டின் லோப்பெஸ் மேற்பார்வையில் 13 சிறு கப்பல்களுக்கான மரம் ட்லாஸ்கலாவில் அறுத்துச் செதுக்கப்பட்டது. அதைத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்து, மலையேறி இறங்கி, ஏரிக்கரையில் இருந்த டெஸ்கோகோ வரை கொண்டு வந்தது யார்? கோர்டெஸே மன்னருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: மரம் சுமந்தவர்கள் மட்டும் 8,000 பேர். காவலுக்கு வந்த வீரர்கள் தனி. இறகு அலங்காரமும் மேளமுமாக அவர்கள் டெஸ்கோகோவுக்குள் நுழையத் தொடங்கி, வரிசை அறுபடாமல் கடைசி ஆள் உள்ளே வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். கப்பலை ஏரிக்கு இறக்கக் கால்வாய் வெட்டியதும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

கதையில் கப்பல் இருக்கிறது. தோள் கொடுத்தவன் மட்டும் காணோம்.

முற்றுகையில் ஸ்பானியர்கள் சில நூறு பேர், உள்ளூர்ப் படைகள் பல பத்தாயிரம். அதற்கு முன்பே பெரியம்மை ஊருக்குள் புகுந்திருந்தது. மொக்டெசுமாவுக்குப் பின் வந்த குயிட்லாவாக் சுமார் 80 நாள்தான் ஆண்டார், அம்மையில் போனார். குடிதண்ணீர்க் கால்வாயையும் உடைத்தார்கள். 1521 ஆகஸ்ட் 13இல் ஊர் விழுந்தது.

உடனே சிலர், "அப்போ சொந்த இனத்தையே காட்டிக்கொடுத்த துரோகிகள்தானே?" என்பார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அன்றைக்கு அங்கே செவ்விந்தியன் என்று யாரும் தன்னை நினைத்துக்கொள்ளவில்லை. ட்லாஸ்கலாக்காரன் இருந்தான், மெக்சிகா இருந்தான், இருவருக்கும் நடுவே தலைமுறைப் பகை இருந்தது. அவர்கள் தங்கள் சண்டையைப் போட்டார்கள். புதிதாக வந்த கூட்டாளி கடைசியில் எல்லோரையும் சேர்த்து விழுங்குவான் என்று 1519இல் யாருக்குத் தெரியும்? விழுங்கியவனின் குற்றத்தைக் கூட இருந்தவன் தலையில் கட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். ட்லாஸ்கலாவின் அண்டை ஊரான உவேஹோட்சிங்கோவும் கோர்டெஸ் பக்கம் நின்றது. 1560இல் அந்த ஊர்ப் பெரியவர்கள் தங்கள் நாவாட் மொழியிலேயே மன்னர் இரண்டாம் பிலிப்புக்குக் கடிதம் எழுதினார்கள். நாங்கள் உங்களுக்காகச் சண்டை போட்டோம், இப்போது எங்களுக்கே தாங்க முடியாத வரியா என்று அதில் முறையிட்டார்கள்.

பெருவிலும் இதே கூத்துதான். "168 பேர் இன்கா பேரரசைப் பிடித்தார்கள்" என்ற வரி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 1532 நவம்பர் 16இல் கஹமார்க்கா ஊர்ச் சதுக்கத்தில் ஸ்பானியத் தளபதி பிசாரோ பதுங்கியிருந்து இன்கா மன்னர் அடாஹுவால்பாவைப் பிடித்தபோது அவரிடம் 168 பேர் இருந்தது உண்மை. அந்தச் சதுக்கத்தைப் பிடிக்க அது போதும். பேரரசைப் பிடிக்கப் போதாது. அடாஹுவால்பாவுக்கும் அவருடைய சகோதரருக்கும் நடந்த அரியணைச் சண்டையில் நாடு ஏற்கெனவே இரண்டாகக் கிழிந்திருந்தது. இன்காக்களிடம் தோற்று அடங்கிக் கிடந்த கன்யாரி, சாச்சபோயா, வாங்கா மக்கள் ஸ்பானியர் பக்கம் போனார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் வாங்காக்கள். ஹவுஹா பள்ளத்தாக்குக்காரர்கள். பிசாரோவின் படைக்கு ஆளும் கொடுத்தார்கள், சாப்பாடும் போட்டார்கள், எல்லாவற்றையும் கணக்கும் வைத்தார்கள். எழுத்து கிடையாது, கிப்பு என்ற முடிச்சுக் கயிறுதான். கால் நூற்றாண்டு கழித்து, 1558 முதல், வாங்கா தலைவர்கள் அந்தக் கயிறுகளோடு லிமாவில் ஸ்பானிய நீதிமன்றத்துக்குப் போனார்கள். முடிச்சைத் தொட்டுத் தொட்டு அவர்கள் வாசிக்க, எழுத்தர் ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டார். சுமக்கப் போன ஆட்கள், லாமாக்கள், துணி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பானை, விறகு, செருப்பு. தாங்களாகக் கொடுத்தது தனிக் கணக்கு, ஸ்பானியர்கள் கொள்ளையடித்துக்கொண்டு போனது தனிக் கணக்கு.