பெயர் வைத்தது கம்பெனி, பழி எனக்கா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது, அதனால் மறுபடி இங்கே போடவில்லை. கும்பகோணம் கூட்டத்தில் அந்த ஆடிட்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர்கள் சம்பளத்தை ஃபீஸ் என்று காட்டி அரசாங்கத்தை ஏமாற்றுகிறார்கள் என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. தட்டியதில் எனக்குத் தெரிந்த முகங்களும் உண்டு. அவர் சொல்கிற ஆட்களில் நானும் ஒருத்தி.

அவர் போட்ட கணக்கு சரிதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. வருஷம் 20 லட்சம் வாங்குகிறவர் அதைச் சம்பளமாகக் காட்டினால், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, 2025-26 கணக்குக்குப் புதிய முறையில் செஸ்ஸோடு 1,92,400 ரூபாய் வரி. அதையே ஐடி தொழில் வருமானமாக, வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் காட்டினால் பாதிதான் வருமானம், 10 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். கேட்கிறவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பிரிவை நானா எழுதினேன்? டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஏன், அவரைப் போன்ற ஆடிட்டர்கள், எல்லோருக்கும் அதே பிரிவுதான். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை பயன்படுத்தலாம். எனக்கு வருவது ஒவ்வொரு பைசாவும் பேங்க் வழியாக, எதற்கான பணம் என்று பர்ப்பஸ் கோடு போட்டு வருகிறது. கையில் ஃபீஸ் வாங்கி டிராயரில் போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி அந்த மைக்கில் ஒரு வார்த்தை வரவில்லை. என் வரவில் பாதியே 12 லட்சத்தைத் தாண்டுவதால் எனக்கு வரியும் உண்டு, மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்டிவிடுகிறேன். ஜிஎஸ்டி பதிவும் உண்டு. சேவை ஏற்றுமதிக்கு வரி இல்லை, ஆனாலும் வருஷாவருஷம் எல்யூடி என்ற உறுதிக் கடிதம், ரிட்டர்ன் எல்லாம் உண்டு. ஏமாற்றுகிறவள் இவ்வளவு ஃபார்ம் நிரப்புவாளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கான்ட்ராக்டர் ஆக்கியது யார்? நான் இல்லை. கம்பெனி. அவர்களுக்கு இந்தியாவில் ஆபீஸ் கிடையாது. என்னை ஊழியராக எடுத்தால் இங்கே பதிவு செய்ய வேண்டும், மாதாமாதம் சம்பளத்தில் வரி (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும், பிஎஃப், கிராஜுவிட்டி பார்க்க வேண்டும். அதைவிட, இந்தியாவில் நிலையான இடம் இருக்கிறது என்று கம்பெனி லாபத்துக்கே இங்கே வரி கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இதற்கென்று நடுவில் ஊழியராக எடுத்துத் தரும் கம்பெனிகள் இருக்கின்றன, அதற்குச் செலவாகும். அதனால் ஒப்பந்தத்தை அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டேன். நான் அமெரிக்கக் குடிமகள் இல்லை என்று டபிள்யூ-8 பென் ஃபார்மும் கொடுத்தேன். வேலை இங்கே நடப்பதால் வரியும் இங்கேதான். வேறு எந்தத் தாள் என் முன்னால் வைக்கப்பட்டது, தேர்ந்தெடுக்க?

இது நம் ஜில்லாவுக்குப் புதிதும் இல்லை. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பண்ணையாளாக வைத்திருந்தால் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது என்று ஆனதும், பல மிராசுதாரர்கள் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். அதே வயல், அதே நாற்று, அதே ஆட்கள். பொறுப்பு மட்டும் கழன்றுவிட்டது. (சாணிப்பாலும் சவுக்கடியும் பட்டவர்களோடு என்னை ஒப்பிடவில்லை, அந்தச் சண்டைக்கு யாரும் வர வேண்டாம். உத்தியை மட்டும் சொல்கிறேன்.)

"ஒரே கம்பெனி, மாதாமாதம் ஒரே தொகை, அவர்கள் சொல்கிற நேரத்துக்கு லாகின். இது வேலை இல்லையா? சட்டம் தாளில் உள்ள பெயரையா பார்க்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்கிறேன்! வேலைதான் என்றால் வேலை கொடுத்தவரைக் கேளுங்கள். நாளைக்கு அதிகாரி வந்து இது சம்பளம்தான் என்று சொன்னால் வரி என் தலையில் ஏறும். பிஎஃப் வருமா? விடுப்பு வருமா? வரி கேட்கும்போது நான் ஊழியர், மற்ற எல்லாவற்றுக்கும் கான்ட்ராக்டரா?

கஜா புயல் நினைவிருக்கிறதா, 2018 நவம்பர்? மன்னார்குடியில் எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. கொல்லையில் இருந்த தென்னை அத்தனையும் படுத்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய் லாட்ஜில் ரூம் எடுத்து வேலை பார்த்தேன். ரூம் வாடகை என் கையிலிருந்து. போய்ச் சேரும் வரை வேலை பார்க்காத நாட்களுக்குப் பணம் இல்லை. அதே டீமில் கம்பெனி இருக்கும் நாட்டு ஊழியர் ஒருத்திக்குப் பனிப்புயல் வந்தபோது சம்பளத்தோடு லீவு. எனக்கு மட்டும் "பத்திரமாக இருங்கள்" என்று ஒரு மெயில்.

வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்கில் ஃபார்ம் 16, அதாவது சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்று, கேட்டார்கள். இல்லை என்றதும் அந்த மேனேஜர் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

என் பெரியப்பாவும் வீடியோவை அனுப்பி, "பார்த்தியாம்மா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு நீடாமங்கலத்துப் பக்கம் நஞ்சை, இரண்டு போகம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு, அது இருக்கவும் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பெரியப்பா, சட்டம் கொடுத்த சலுகையை நீங்கள் எடுத்தால் உரிமை, நான் எடுத்தால் திருட்டா?

"டாலரில் வாங்கிக்கொண்டு அழுகிறாள்" என்று கமென்ட் வரும். வரட்டும். "பிடிக்கவில்லை என்றால் சென்னைக்குப் போ" என்றும் வரும். படுக்கையில் இருக்கும் மாமியாரை யார் பார்ப்பது, நீங்களா?

பிரசவத்தைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. மகப்பேறுச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கம்பெனி ஊழியருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. எனக்கு இன்வாய்ஸ் அனுப்பாத மாதங்கள், அவ்வளவுதான். இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், குழந்தையைத் தூளியில் போட்டுக் காலால் ஆட்டிக்கொண்டே மீட்டிங்கில் உட்கார்ந்தேன், மைக்கை மியூட்டில் வைத்து. வீட்டிலோ, "சும்மாதானே உட்கார்ந்திருக்கா" என்றார்கள்.

ஆடிட்டர் சார் அடுத்த கூட்டம் போட்டால் இதைச் சொல்லித் தரட்டும்: என்னை ஊழியராக எடுத்துக்கொள் என்று அந்தக் கம்பெனிக்கு எப்படி எழுதுவது, எழுதிய பிறகும் வேலை மிஞ்சுவது எப்படி. முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன். அன்றைக்கு அரை நாள் காசு போகும், பரவாயில்லை.