ஆலிவ் கார்டனும் உப்புப் போடாத தண்ணீரும்

நாடெங்கும் கிளைகள் உள்ள ஆலிவ் கார்டன் என்ற இத்தாலிய பாணி உணவகத்தில் சாப்பிட்டேன் என்று அமெரிக்காவில் நாலு பேரிடம் சொன்னால், "அது இத்தாலியச் சாப்பாடே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்க அவர்களில் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது உண்மைதான். 1982இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் இந்த உணவகத்தைத் தொடங்கியது, மாவும் காலை உணவுச் சீரியலும் விற்றுவந்த ஜெனரல் மில்ஸ் நிறுவனம். அங்கே தட்டு நிறைய வரும் ஆல்ஃபிரடோ சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரோம் நகரில் ஆல்ஃபிரடோ தி லேலியோ தன் உணவகத்தில் பரிமாறியது, வெண்ணெயும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் மட்டுமே சேர்த்துப் புரட்டிய பாஸ்தா. அதில் க்ரீமைக் கொட்டிக் கெட்டியான குழம்பாக்கியது அமெரிக்கா. பாஸ்தாவின் தலையில் கோழிக்கறித் துண்டுகளை அடுக்குவதும் இத்தாலியில் வழக்கமில்லை.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டை வைத்து ஆலிவ் கார்டனை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1880க்கும் 1920க்கும் இடையில் தென் இத்தாலியின் சிசிலி, கலாப்ரியா, நேப்பிள்ஸ் பக்கங்களிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்த லட்சக்கணக்கான ஏழைகள், ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட இறைச்சி இங்கே மலிவாகக் கிடைத்ததும், இறைச்சி உருண்டையையும் ஸ்பகெட்டியையும் ஒரே தட்டில் சேர்த்தார்கள். அப்போதே இந்தச் சமையல் வேறு வழியில் நடக்கத் தொடங்கிவிட்டது.

2012இல் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் புதிதாகத் திறந்த ஆலிவ் கார்டனைப் பற்றி, அவ்வூர் நாளிதழில் எண்பது வயதைக் கடந்த மர்லின் ஹேகர்ட்டி என்ற பத்தி எழுத்தாளர், அது ஊரிலேயே பெரிய, அழகான உணவகம் என்று மனமாரப் பாராட்டி எழுதினார். இணையம் முதலில் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு எதிராக நின்று, பின்னர் அவருடைய பத்திகளைப் புத்தகமாகவே கொண்டுவந்தவர், உணவு விஷயத்தில் எவருக்கும் சலுகை காட்டாத சமையல் கலைஞரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டேன். பனி உறையும் ஒரு சிறு நகரத்தில், குடும்பத்தோடு உட்கார ஒரு விசாலமான இடம் வந்தால் மக்கள் மகிழ்வார்கள் என்பது பெருநகரத்து ரசிகர்களுக்குப் புரியவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவை நான் அங்கே அழைத்துச் சென்றதும் இதே காரணத்துக்காகத்தான். சைவம் மட்டுமே உண்ணும் அம்மாவுக்கு மினஸ்ட்ரோனி என்ற இத்தாலியக் காய்கறி சூப் இருந்தது; "சாம்பாராக வேண்டியது, பாதி வழியில் நின்றுவிட்டது" என்று சொல்லிக்கொண்டே மூன்று கிண்ணம் குடித்தார். சூப்பும் சாலட்டும் பிரெட்ஸ்டிக் என்ற நீளமான ரொட்டியும் கேட்கக் கேட்க வரும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. விலைப்பட்டியலின் வலது ஓரத்தைப் பார்த்துப் பார்த்தே வாழ்நாளெல்லாம் உணவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த நிம்மதி சின்ன விஷயமல்ல. நம் ஊர் முழுச் சாப்பாட்டுக் கடைகளின் தர்மமும் இதுதான்.

எனவே, அது உண்மையான இத்தாலியச் சமையல்தானா என்பதை விட்டுவிட்டு, தான் எடுத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டது, விந்தையாக, ஒரு முதலீட்டு நிறுவனம். தாய் நிறுவனமான டார்டெனின் பங்குகளை வாங்கியிருந்த ஸ்டார்போர்டு வேல்யூ, 2014 செப்டம்பரில் ஏறத்தாழ 300 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பாத்திரங்களின் உத்தரவாதக் காலம் நீள வேண்டும் என்பதற்காக, பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டு. அடுத்த மாதமே பங்குதாரர்கள் இயக்குநர் குழுவின் 12 பேரையும் மாற்றினார்கள். பிரெட்ஸ்டிக்கை அளவு மீறிக் கொண்டுவந்து வைப்பதையும் அதே அறிக்கை குறை சொன்னது. அந்த இடத்தில் நான் முதலீட்டாளர் பக்கம் இல்லை. உப்பு விஷயத்தில் முழுக்க அவர்கள் பக்கம்தான், ஏனென்றால் வேகும்போது ஏறாத உப்பை மேலே ஊற்றும் எந்தச் சாஸும் ஈடுகட்டாது.

அதைப் படித்த நாளிலிருந்து, எந்த உணவகத்தில் பாஸ்தா வந்தாலும், சாஸ் படாத ஓர் இழையைத் தட்டின் ஓரத்திலிருந்து எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குகிறேன்.