கட்டடச் சமாதானம்

போன வாரம் ஒருத்தர் ஆபீசுக்கு வந்தார். ஈரோட்டில் மெயின் ரோட்டை ஒட்டிச் சொந்தக் கட்டடம், கீழே இரண்டு கடை, மேலே இரண்டு மாடி வீடு. கீழே இருக்கும் இரண்டு கடையையும் ஒன்றாக்கி ஒரு செல்போன் ஷோரூமுக்கு வாடகைக்கு விடப் போகிறார், நடுவில் ஒரு பில்லர் இடைஞ்சலாக நிற்கிறது. "இந்த ஒண்ணத்தானுங்க தம்பி எடுக்கோணும். மேல என்ன பத்து மாடியா நிக்குது, ரெண்டுதானுங்க" என்றார். அப்படியெல்லாம் எடுக்க முடியாதுங்க, எடுத்தே தீர வேண்டுமென்றால் அந்தப் பாரத்தைத் தாங்க இரும்பு ஃபிரேம் கொடுக்க வேண்டும், அதற்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று போனவர்தான், போன் இல்லை.

அன்றைக்கு ராத்திரி துருக்கி நினைப்பாகவே இருந்தது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தைப் பற்றி அப்போதே எழுத வேண்டும் என்று உட்கார்ந்து உட்கார்ந்து விட்டுவிட்டேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரம், அப்போது போய் ஜல்லி, கம்பி, ரிங் என்று பேசினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. இப்போது பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பூமி செய்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பூமி செய்ததும் சின்ன விஷயம் இல்லை. அரேபியத் தட்டு வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது, மேலே யூரேசியத் தட்டு வழிவிடாமல் நிற்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட அனடோலியா (துருக்கியின் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கும் தட்டு), ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி மேற்குப் பக்கம் நழுவப் பார்க்கிறது. நழுவும் விளிம்புதான் கிழக்கு அனடோலியப் பிளவு. வருடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டியது, ஆனால் பாறையும் பாறையும் கவ்விப் பிடித்திருப்பதால் நகர்வதில்லை, அந்தக் கடன் அப்படியே ஏறிக்கொண்டே போகிறது. அன்று காலை 4:17க்கு 7.8 அளவில் மொத்தமும் ஒரே மூச்சில் தீர்க்கப்பட்டது. 300 கிலோமீட்டருக்கும் மேல் பிளவு கிழிந்து, பல இடங்களில் நிலம் 3 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. நேராக இருந்த ரயில் தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்து கிடந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதோடு விடவில்லை. மதியம் 1:24க்குப் பக்கத்து இன்னொரு பிளவில் 7.5. காலையில் விரிசல் விட்டு நின்றிருந்ததெல்லாம் மதியம் உட்கார்ந்தது.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 2020 ஜனவரியில் இதே பிளவின் வடகிழக்குப் பகுதியில் எலாசிக் ஊரில் 6.8 வந்து போயிருந்தது. தெற்கே பாக்கி இருக்கிறது, கஹ்ரமன்மராஷ் (சுருக்கமாக மராஷ்) பக்கம் கவனமாக இருங்கள் என்று அந்த ஊர் புவியியலாளர்கள் டிவியில் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

நிலம் பக்கவாட்டில் ஆடும்போது கட்டடம் எங்கே வளையும் என்றால், எங்கே பலவீனமோ அங்கே. மேல் மாடிகளில் ரூமுக்கு ரூம் செங்கல் சுவர் இருக்கும், அது கணக்கில் வராத பலம். கீழ்த் தளத்தில் கடை, கார் நிறுத்தும் இடம், கண்ணாடி முகப்பு, ஆக வெறும் பில்லர் மட்டும். மொத்த ஆட்டமும் அந்தப் பில்லர்களின் தலையிலும் காலிலும் வந்து சேரும். அந்த இடத்தில் ரிங், அதாவது நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம், நெருக்கமாகக் கட்டியிருக்க வேண்டும், ரிங்கின் முனையை 135 டிகிரி மடக்கி உள்ளே விட்டிருக்க வேண்டும். 90 டிகிரியில் சும்மா மடக்கி விட்டால், மேல் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைத் திறந்துவிடும், நெட்டுக் கம்பிகள் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், அப்புறம் தோசை அடுக்கின மாதிரி மாடி மேல் மாடி. நம் ஊரில் கம்பி கட்டும் ஆளிடம் இந்த 135ஐச் சொன்னால் "எதுக்கு சார், கை வலிக்குது" என்பார். இதில் ஒரு ரிங்குக்குக் கூடுதலாகப் போவது ஒரு விரல் நீளக் கம்பி.

துருக்கியில் இந்த விதிகள் இல்லாமல் இல்லை, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே இஸ்மித் நிலநடுக்கத்தில் 17,000 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போதும் கடல் மணல் காங்கிரீட், அப்போதும் காண்ட்ராக்டர் கைது. அதற்குப் பிறகு சட்டம் வந்தது, தனியார் ஆய்வு நிறுவனங்கள் வந்தன, கட்டட விதிகளை 2007இல் திருத்தினார்கள், 2018இல் இன்னும் கடுமையாகத் திருத்தினார்கள். போன் பில்லில் நிலநடுக்க வரி போட்டார்கள், தற்காலிகம் என்று ஆரம்பித்து அது நிரந்தரமாகவே தங்கிவிட்டது. எல்லாம் சரி, ஆனால் கட்டடத்தை ஆய்வு செய்யும் நிறுவனத்தைப் பல வருடங்கள் தேர்ந்தெடுத்தது யார் என்றால் கட்டுகிறவரேதான். பரீட்சை எழுதும் பையனே பேப்பர் திருத்தும் வாத்தியாரைப் பிடித்துக்கொள்ளலாம். 2019இல்தான் அதை மாற்றி, கம்ப்யூட்டர் குலுக்கலில் ஒதுக்க ஆரம்பித்தார்கள்.

இது ஒரு பக்கம். என் வயிற்றெரிச்சல் இன்னொன்று.

2018இல், தேர்தலுக்குச் சில வாரம் முன்னால், அங்கே ஒரு பொதுமன்னிப்பு வந்தது. மனிதர்களுக்கு இல்லை, கட்டடங்களுக்கு. அனுமதி இல்லாமல் கட்டியது, அனுமதிக்கு மேல் ஒரு மாடி ஏற்றியது, எதுவானாலும் பரவாயில்லை, 2017 கடைசிக்குள் கட்டியிருந்தால் பணத்தைக் கட்டு, சான்றிதழை வாங்கிக்கொள். துருக்கி மொழியில் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் கட்டடச் சமாதானம். நம் மொழியில் சமாதானம் என்றால் சாக்கு சொல்வதும்தான், அந்த அர்த்தம்தான் பொருத்தமாக இருக்கிறது. 70 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் வந்தது. ஆய்வு கிடையாது, வீட்டுக்காரர் தானே எழுதிக் கொடுத்தால் போதும். அந்தச் சட்டப் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது: கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்பது உரிமையாளரின் பொறுப்பு. அதாவது அரசாங்கம் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தாங்குமா தாங்காதா என்பதை நீயே பார்த்துக்கொள் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. 2019இல் அதிபர் எர்டோகன் கஹ்ரமன்மராஷ் ஊரில் மேடையில் நின்று, இந்தத் திட்டத்தால் மராஷ்காரர்கள் 1,44,156 பேரின் பிரச்சினையைத் தீர்த்து வைத்தோம் என்று பெருமையாகச் சொன்ன வீடியோ, நிலநடுக்கம் முடிந்த மறுநாளிலிருந்து சுற்ற ஆரம்பித்தது. தரையோடு தரையான ஊர்களில் முதல் வரிசையில் இருந்தது அதே மராஷ்.

2018தான் முதல் தடவை என்றும் இல்லை. பல பத்தாண்டுகளாகத் தேர்தல் வந்தால் மன்னிப்பும் வரும். 2023இல் நிலம் ஆடியபோது அடுத்த மன்னிப்புக்கான மசோதா நாடாளுமன்றத்தில் காத்திருந்தது.

இங்கேதான் நான் நண்பர்களோடு சண்டை போடுகிறேன். காண்ட்ராக்டர்களைத் தூக்கில் போட வேண்டும் என்கிறார்கள். சரி, போடட்டும். ஹடாய் மாகாணத்தின் அந்தாக்கியாவில் ரோனெசான்ஸ் ரெசிடென்ஸ் என்று 12 மாடி, 249 வீடு, சொர்க்கத்தின் ஒரு மூலை என்று விளம்பரம் செய்து விற்றார்கள். கட்டிப் பத்து வருடம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, புத்தம் புதுசு. அது நிறுத்தி வைத்த புத்தகம் மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கானா நாட்டுக் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் அட்சு, முந்தின நாள் இரவு கடைசி நிமிடத்தில் கோல் போட்டு ஹடாய்ஸ்போர் அணியை ஜெயிக்க வைத்துவிட்டு வந்து அங்கே படுத்தவர், 12 நாள் கழித்து உடலாகத்தான் கிடைத்தார். அந்தக் கட்டடத்தின் காண்ட்ராக்டரை மாண்டிநீக்ரோவுக்கு விமானம் ஏறப்போகும்போது இஸ்தான்புல் ஏர்போர்ட்டில் பிடித்தார்கள். பிடித்தது நியாயம். அடியமானில் இசியாஸ் ஓட்டல் இடிந்து 72 பேர், அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வாலிபால் போட்டிக்காக வடக்கு சைப்ரஸிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உடன் வந்த பெரியவர்களும். அந்தப் பெற்றோர்கள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து 2024 டிசம்பரில் ஓட்டல் முதலாளிக்கு 18 வருடத்துக்கு மேல் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சான்றிதழை அச்சடித்து விற்ற ஆள் எந்தக் கூண்டில் நின்றார்? வரிசையில் நின்று வாங்கிய 70 லட்சம் விண்ணப்பதாரர்களை எதில் சேர்ப்பது? அவர்கள் வில்லன்கள் இல்லை, என் ஆபீசில் டீ குடித்துவிட்டுப் போனவர் மாதிரி ஆட்கள்தான், மாடி ஏற்றி மகனுக்கு ஒரு வீடு, கீழே ஒரு கடை வாடகை. அவர்களுக்கு அது வேண்டியிருந்தது, அரசியல்வாதிக்கு ஓட்டு வேண்டியிருந்தது, கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. மூன்று பேருக்கும் லாபமாக இருந்த ஒரு காரியத்துக்குக் காண்ட்ராக்டர் ஒருத்தரை மட்டும் உள்ளே தள்ளினால் கணக்கு எப்படிச் சரியாகும்?

ஆட்டம் அப்படி இருந்தது, எந்தக் கட்டடமும் நிற்காது என்பார்கள். ஆட்டம் பயங்கரம்தான், அந்தாக்கியா இருக்கும் மண் ஆற்று வண்டல், அது அதிர்வை இன்னும் பெருக்கிக் கொடுக்கும், சில இடங்களில் விதிப்புத்தகத்தில் எதிர்பார்த்ததையும் தாண்டிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஹடாய் விமான நிலையத்தை ஆமிக் ஏரியை வற்றவைத்து அதன் படுகையில் கட்டியிருந்தார்கள், ஓடுபாதை இரண்டாகப் பிளந்து நின்றது (ஏரியில் கட்டுவதைப் பற்றி நாம் அவர்களுக்கு வகுப்பு எடுக்க முடியாது, விட்டுவிடுவோம்). ஆனால் அதே மராஷில் சுற்றிலும் இடிபாடாகக் கிடக்க, நடுவில் கண்ணாடிகூட உடையாமல் ஒரு கட்டடம் நின்ற படம் வந்தது. அது யாருடைய கட்டடம் தெரியுமா? கட்டடப் பொறியாளர்கள் சங்கத்துடையது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இஸ்கெண்டருன் அரசு மருத்துவமனையின் ஒரு பகுதி நோயாளிகளோடு இடிந்து விழுந்தது, பக்கத்து ஊரான டோர்த்யோலில் அடித்தளத்தில் அதிர்வு வாங்கிகள் வைத்துக் கட்டிய மருத்துவமனை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

எர்சின் என்ற ஊரில் ஒருத்தர்கூடச் சாகவில்லை, மேயர் சட்டவிரோதக் கட்டடத்தை விடவே இல்லை என்று ஒரு செய்தி நம் ஊர் வாட்சப் வரை வந்தது. அதை நான் முழுசாக நம்புவதில்லை. அந்த ஊர் நிற்கும் தரை கெட்டியானது, அதற்கும் பங்கு உண்டு. நல்லவர் ஒருத்தர் வந்தால் போதும் என்று நம்பவைக்கும் கதைகள் எனக்கு ஒத்துவருவதில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள். பனி பெய்துகொண்டிருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே குளிர். மீட்புக்காரர்கள் அவ்வப்போது கையைத் தூக்குவார்கள், உடனே ஜேசிபி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள், தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒருத்தர் மட்டும் பொந்துக்குள் குனிந்து கேட்பார்: என் குரல் கேட்கிறதா, யாராவது இருக்கிறீர்களா? பதில் வந்தால் எல்லோரும் தோண்டுவார்கள், வராவிட்டால் அடுத்த கட்டடம். பல இடங்களில் முதல் ஒன்றிரண்டு நாள் கேட்பதற்குக்கூட யாரும் வரவில்லை, சொந்தக்காரர்களே வெறுங்கையால் தோண்டினார்கள். சோங்குல்டாக் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள், பொந்துக்குள் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஊர்ந்து போவது அவர்களுக்குத் தினப்படி வேலை. நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை நுர்தாகியில் இறங்கியது, அவர்களுடைய ரோமியோ, ஜூலி என்ற இரண்டு மோப்ப நாய்கள் காட்டிய இடத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை உயிரோடு கிடைத்தது. இடிபாட்டுக்குள் மாட்டியவர்கள் செல்போனில் சார்ஜ் இருக்கும்வரை ட்விட்டரில் விலாசம் போட்டுக்கொண்டிருந்தார்கள், 8ஆம் தேதி அரசாங்கம் ட்விட்டரையே பல மணி நேரம் முடக்கியது. பொய்த் தகவல் பரவுகிறதாம்.

கூடாரம் கதை இன்னும் மோசம். மக்கள் வெட்டவெளியில் விறைத்துக்கொண்டிருந்த அந்த முதல் நாட்களில், அங்கே செஞ்சிலுவைக்கு நிகரான செம்பிறைச் சங்கம் தன்னிடம் இருந்த 2,050 கூடாரங்களை ஒரு தொண்டு அமைப்புக்கு 4 கோடியே 60 லட்சம் லிராவுக்கு விற்றது. இனாமாக அல்ல, விலைக்கு. சில மாதம் கழித்து அதன் தலைவர் ராஜினாமா செய்தார்.

எல்லை தாண்டிச் சிரியாவில் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். பன்னிரண்டு வருட யுத்தத்தில் ஏற்கெனவே பாதி இடிந்த வீடுகள். வடமேற்குப் பகுதிக்கு ஐநா உதவி போக அனுமதி இருந்தது பாப் அல் ஹவா என்ற ஒரே வழி, முதல் ஐநா லாரிகள் உள்ளே போனது 9ஆம் தேதி. மூன்று நாள். இடிபாட்டுக்குள் மூன்று நாள் என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் தலைக்கவசக்காரர்கள் என்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் மட்டும் கிடைத்ததை வைத்துத் தோண்டினார்கள். ஜிந்தெரிஸ் ஊரில் தொப்புள்கொடி அறாமல் ஒரு பச்சைக் குழந்தையை எடுத்தார்கள், அம்மா இல்லை.

துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல், சிரியாவிலும் பல ஆயிரம்.

இடிந்த ஊரைப் பார்க்க வந்த எர்டோகன் இதெல்லாம் விதியின் திட்டம் என்றார். கட்டட விதிக்கும் தலைவிதிக்கும் தமிழில் ஒரே சொல், அந்த வசதி அவருக்கு இல்லை. பிப்ரவரி கடைசியில் அடியமானுக்குப் போய், முதல் சில நாட்கள் வேண்டிய வேகத்தில் வேலை நடக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்டார். மே மாதத் தேர்தலில் ஜெயித்தார்.

அந்தக் களேபரத்தில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. இடிபாடுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் சாட்சியே இருக்காது என்று, வக்கீல்கள் சிலர் கிளம்பி வந்து மலைமலையாகக் கிடந்த குப்பையின் மேல் ஏறி, காங்கிரீட் துண்டு, கம்பித் துண்டு எல்லாவற்றையும் சேகரித்துப் படம் பிடித்து எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்துப் பழைய கட்டடங்களில் முறுக்கே இல்லாத மொழுக்கைக் கம்பி. காங்கிரீட்டில் உடைத்த ஜல்லிக்குப் பதில் ஆற்றுக் கூழாங்கல், வழவழவென்று, சிமெண்ட் எதைப் பிடிக்கும்? சில துண்டுகளைக் கையாலேயே உதிர்க்க முடிந்தது.

நம்மூரில் இதெல்லாம் வராது என்று பின்னூட்டத்தில் யாராவது எழுதுவதற்கு முன்னால்: குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு 2002இல் விதியைத் திருத்தியபோது சென்னையை நிலநடுக்க அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள், அந்த 135 டிகிரி ரிங் இங்கேயும் கட்டாயம்தான். அப்புறம், விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் திட்டம் என்று நம்மிடமும் ஒன்று வந்தது, 2007 ஜூலை 1க்கு முன்னால் கட்டியிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று. பெயர் மட்டும் சமாதானம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த மெயின் ரோடு வழியாக வண்டியில் போனேன். கடை முகப்பு முழுக்கப் பச்சை வலை கட்டியிருக்கிறது, உள்ளே வேலை நடக்கும் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்திருக்கலாம். நிறுத்தவில்லை.