இரண்டு ஊரிலும் ஓட்டுப் போடாத அண்ணன்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருச் சாக்கடை மறுபடியும் பொங்கிவிட்டது. மூடியிருந்த கல் உடைந்து மாசக்கணக்காகிறது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரோ போட்டு வைத்த செங்கல்மேல் கால்வைத்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள். அங்கே நின்று அதிகம் கத்தியவர் பக்கத்து வீட்டு அண்ணன். "இந்த ஊர்ல கேக்க நாதியே இல்லப்பா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாதி எங்கிருந்து வரும் அண்ணா?

அவர் இங்கே வந்து பதினெட்டு வருஷம். வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் இன்னும் திருப்பத்தூர் பக்கம், சொந்த ஊரில். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. "இதுக்குன்னு பஸ் ஏறணுமா?" என்று இருந்துவிட்டார். அடுத்த வெள்ளி, 26-ஆம் தேதி, பெங்களூருக்கு. "எனக்குத்தான் இங்க ஓட்டு இல்லையே" என்று குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பிவிட்டார்.

இவர் ஒருத்தர் என்றால் விட்டுவிடலாம். அன்றைக்குப் பெங்களூர் வடக்கு, மத்தி, தெற்கு மூன்றிலும் நூற்றுக்கு 55 பேர்கூட வரவில்லை. இதோ இருக்கிற மண்டியாவில் 80-ஐத் தாண்டியது! எந்த பூத்தில் எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கு கட்சிக்காரர்கள் கையில் இருக்கிறது. ஓட்டு விழாத தெருவுக்கு அவர்கள் எதற்கு வரவேண்டும்?

மாநகராட்சித் தேர்தல் கதை இன்னும் கொடுமை. 2015 ஆகஸ்டில் 198 வார்டுகளுக்கு நடந்தது. அதற்கே பாதிப் பேர்தான் வந்தார்கள். 2020 செப்டம்பரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் தேர்தலே நடத்தாமல் இழுத்தடித்தார்கள். நடத்தினாலும் வரமாட்டோம், நடத்தாவிட்டாலும் கேட்கமாட்டோம் என்று தெரிந்தால் யார்தான் இழுக்கமாட்டார்கள்? சாக்கடைக்கும் குப்பைக்கும் நாம் சட்டையைப் பிடிக்கவேண்டிய ஆள் கவுன்சிலர்தான். அந்தத் தேர்தலைத்தான் "வார்டு எலெக்‌ஷன்தானே" என்று தள்ளுகிறோம். சில நூறு ஓட்டே ஆளை மாற்றிவிடும் தேர்தல் அது.

எங்கள் மாடி வீட்டுப் பாட்டிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஏப்ரல் 26 காலை ஏழு மணிக்கு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், எந்தத் தேர்தலையும் அவர் விட்டதில்லை. அந்த மை வைத்த விரலைப் பார்த்தபிறகு இவர்கள் சொல்லும் சாக்கு எதுவும் என் காதில் ஏறுவதில்லை.

நேற்று அண்ணனிடம் என் போனிலேயே படிவம் 8-ஐத் திறந்து நீட்டினேன். வீடு மாறியவர்கள் வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளும் படிவம் அதுதான். ஆபீஸ் ஆபீஸாக அலையவேண்டியதில்லை. வாங்கிப் பார்த்தார். "தேர்தல் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, செங்கல்மேல் கால்வைத்துத் தாண்டிப் போனார்.